யோனி நுண்ணுயிர்களும் எச்.ஐ.வி. தொற்றும்: டர்பன் ஆய்வுகள் எதைக் காட்டுகின்றன, எதைக் காட்டவில்லை?

கயல்விழி எழுதியது:

மருந்தியல் மாணவர்களுக்காகக் காப்ரிசா 004 ஆய்வைப் பற்றி ஒரு கட்டுரை எழுதி வருகிறேன். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில், டர்பன் நகரிலும் வுலிண்ட்லேலா என்னும் கிராமப் பகுதியிலும் 889 பெண்களிடம் நடந்த ஆய்வு அது. ஒரு பிரிவினருக்கு டெனோஃபோவிர் என்னும் எச்.ஐ.வி. எதிர்ப்பு மருந்து 1 சதவீதம் கலந்த ஜெல்லும் மற்றொரு பிரிவினருக்கு மருந்தில்லாத ஜெல்லும் கொடுத்து, உடலுறவுக்கு முந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு முறையும் பிந்தைய 12 மணி நேரத்துக்குள் ஒரு முறையும் யோனிக்குள் செலுத்திக்கொள்ளச் சொன்னார்கள். 2010 ஜூலையில் வியன்னா எய்ட்ஸ் மாநாட்டில் முடிவு வெளியானபோது, மருந்து பெற்றவர்களிடம் எச்.ஐ.வி. தொற்று 39 சதவீதம் குறைந்திருந்தது. ஆணின் சம்மதத்துக்குக் காத்திராமல் பெண் தானே பயன்படுத்தக்கூடிய தடுப்பு மருந்து கிடைத்துவிட்டது என்று அப்போது பலரும் நம்பினார்கள். பின்னர் ஃபேக்ட்ஸ் 001 என்ற பெரிய ஆய்வில், 2015இல், பயன் எதுவும் தென்படவில்லை.

பெண்கள் ஜெல்லை ஒழுங்காகப் பயன்படுத்தவில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். ஆனால் 2017இல் சயின்ஸ் இதழில் வெளியான கட்டுரை, யோனியில் வாழும் சில பாக்டீரியாக்களே மருந்தைச் சிதைத்தன என்கிறது. மருந்தைத் தவிர்த்துப் பார்த்தாலும், அந்தப் பாக்டீரியாக்கள் இருக்கும் பெண்களுக்கு எச்.ஐ.வி. எளிதாகத் தொற்றுகிறது என்று வேறு கட்டுரைகள் சொல்கின்றன. இவ்விரண்டும் ஒரே செய்தியா, வெவ்வேறு செய்திகளா? இவற்றில் எந்த அளவுக்கு உறுதியாக எழுதலாம்?

நுண்ணோக்கி எழுதியது:

இரண்டும் வெவ்வேறு செய்திகள். அவற்றைக் கலந்துவிடுவதால்தான் பத்திரிகைச் செய்திகளில் குழப்பம் வருகிறது. முதலில் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன்.

இனப்பெருக்க வயதில் யோனியின் உட்சுவர்ச் செல்களில் கிளைகோஜன் சேர்கிறது. அது சிதைந்து வரும் சர்க்கரையை உண்டு லாக்டோபேசிலஸ் வகைப் பாக்டீரியாக்கள் லாக்டிக் அமிலத்தைச் சுரக்கின்றன. ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன் 1892இலேயே இவற்றை விவரித்துவிட்டார். குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகியிருப்பதை நலத்தின் அடையாளமாகக் கொள்கிறோம். யோனியில் நிலைமை தலைகீழ். அங்கே ஒரே ஒரு லாக்டோபேசிலஸ் இனம் முழு ஆதிக்கம் செலுத்தும்போதுதான் அமிலத்தன்மை நிலைத்து, பி.எச். அளவு 4.5க்குக் கீழே இருக்கிறது. ஆதிக்கம் குலைந்தால், பிராணவாயு இல்லாத சூழலில் வளரும் கார்ட்னெரெல்லா, பிரிவோட்டெல்லா, ஸ்னீதியா போன்றவை பெருகுகின்றன. இந்நிலை முற்றும்போது அதைப் பாக்டீரியல் வெஜினோசிஸ் என்கிறோம்.

இதைக் கண்ணால் பார்க்க விலை உயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. யோனியிலிருந்து எடுத்த பஞ்சுத் துடைப்பைக் கண்ணாடித் தகட்டில் பூசி, கிராம் சாயமேற்றி, நுண்ணோக்கியின் எண்ணெய் வில்லைக்குக் கீழ் வைத்தால் போதும். நலமான மாதிரியில் தடித்த ஊதாநிறக் கோல்கள் கிடக்கும். உட்சுவர்ச் செல்களின் விளிம்பு தெளிவாக இருக்கும். வெஜினோசிஸ் மாதிரியில் கோல்கள் அருகிப்போய், செல்லின் விளிம்பே தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியான பாக்டீரியாக்கள் அதன்மேல் அப்பிக் கிடக்கும். இவற்றை எண்ணி 0 முதல் 10 வரை மதிப்பெண் இடும் நியூஜென்ட் முறை 1991இல் வந்தது. 7 அல்லது அதற்கு மேல் வந்தால் வெஜினோசிஸ். ஆனால் இந்த முறைக்கு ஒரு பெரிய குறை உண்டு. எந்த லாக்டோபேசிலஸ் என்பதை அது சொல்லாது. இந்த விவாதத்தின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

2011இல் ஜாக் ராவெல் குழுவினர் வட அமெரிக்கப் பெண்கள் 396 பேரின் மாதிரிகளை மரபணு வரிசைமுறை கொண்டு ஆராய்ந்து, யோனி நுண்ணுயிர்க் கூட்டங்களை ஐந்து வகைகளாகப் பிரித்தார்கள். நான்கு வகைகளில் கிறிஸ்பேட்டஸ், காசெரி, ஐனர்ஸ், ஜென்சனி ஆகிய லாக்டோபேசிலஸ் இனங்களில் ஏதேனும் ஒன்று ஆதிக்கம் செலுத்தியது; ஐந்தாவது வகையில் லாக்டோபேசிலஸ் குறைந்து பலவகைப் பாக்டீரியாக்கள் கலந்திருந்தன. கிறிஸ்பேட்டஸ் இனம் லாக்டிக் அமிலத்தின் டி, எல் ஆகிய இரண்டு வடிவங்களையும் சுரக்கிறது. ஐனர்ஸ் எல் வடிவத்தை மட்டுமே சுரக்கிறது. அதன் மரபணுத் தொகுதியும் மிகச் சிறியது. டி வடிவம் மிகுந்த யோனிச் சளியில் எச்.ஐ.வி. துகள்கள் நகர முடியாமல் சிக்கிக்கொள்வதை ஆய்வகத்தில் பார்த்திருக்கிறார்கள். ஆகவே "லாக்டோபேசிலஸ் இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் போதாது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். டர்பனுக்கு அருகிலுள்ள உம்லாசியில் ஃப்ரெஷ் என்ற பின்தொடர்தல் ஆய்வு நடக்கிறது. எச்.ஐ.வி. இல்லாத இளம்பெண்கள் வாரம் இருமுறை வந்து வாழ்க்கைத் திறன், வேலைவாய்ப்பு வகுப்புகளில் கலந்துகொள்வார்கள். வரும்போதெல்லாம் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுக்கப்படும். தொற்று ஏற்பட்டால் சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அந்த ஆய்விலிருந்து 236 பெண்களின் நுண்ணுயிர் விவரங்களை 2017இல் இம்யூனிட்டி இதழில் வெளியிட்டார்கள். கிறிஸ்பேட்டஸ் ஆதிக்கம் பெற்றவர்கள் ஏறத்தாழ 10 சதவீதமே. பிரிவோட்டெல்லா போன்ற கலப்புக் கூட்டம் உடையவர்களுக்கு, கிறிஸ்பேட்டஸ் உடையவர்களைவிட எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு நான்கு மடங்குக்கும் மேல் இருந்தது. அந்தக் காலத்தில் தொற்றுக்கு ஆளான 31 பேரில் ஒருவர்கூடக் கிறிஸ்பேட்டஸ் பிரிவைச் சேர்ந்தவர் அல்லர்.

எண்கணக்கன் எழுதியது:

நண்பர் நுண்ணோக்கியின் விளக்கம் தெளிவாக இருக்கிறது. ஆனால் கடைசி வரி என்னை உறுத்துகிறது. 236 பேரில் 10 சதவீதம் என்றால் இருபத்துச் சொச்சம் பெண்கள். மொத்தத் தொற்று வீதத்தைக் கொண்டு கணக்கிட்டால், அந்தச் சிறு குழுவில் மூன்று பேருக்கு வந்திருக்க வேண்டும். மூன்று எதிர்பார்க்கும் இடத்தில் பூச்சியம் வருவது அப்படியொன்றும் அதிசயமில்லை. "ஒருவர்கூட இல்லை" என்பது படிப்பவர் மனத்தில் பதியும் வேகத்துக்கும் அதன் புள்ளியியல் எடைக்கும் தொடர்பில்லை.

இரண்டாவது, குழப்பும் காரணிகள். பாதுகாப்பற்ற உடலுறவும் புதிய துணையும் வெஜினோசிஸ் வரும் வாய்ப்பையே உயர்த்துகின்றன, எச்.ஐ.வி. வாய்ப்பையும் உயர்த்துகின்றன. இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தால் பாக்டீரியாவைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. குவாசுலு-நட்டாலில் வைரஸின் மரபணு வரிசையை வைத்துத் தொற்றுச் சங்கிலியைத் தொடர்ந்தவர்கள், 25 வயதுக்குட்பட்ட பெண்களுக்குத் தம்மைவிடச் சராசரியாக எட்டு, ஒன்பது வயது மூத்த ஆண்களிடமிருந்தே பெரும்பாலும் தொற்று வருகிறது என்று காட்டியிருக்கிறார்கள். எந்த ஆணோடு உறவு, அவர் உடலில் எவ்வளவு வைரஸ் என்பதுதான் முதல் காரணி.

மூன்றாவது, உகாண்டாவின் ராகாய் மாவட்டத்தில் 1990களில் நடந்த சோதனை. பத்து மாதங்களுக்கு ஒருமுறை வீடு வீடாகச் சென்று அசித்ரோமைசின், சிப்ரோஃப்ளோக்சசின், மெட்ரோனிடசோல் ஆகிய நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைக் கொடுத்தார்கள். சிபிலிஸ், டிரைக்கோமோனாஸ் ஆகிய பாலியல் தொற்றுகள் குறைந்தன. எச்.ஐ.வி. குறையவில்லை, இரு பிரிவிலும் 100 பேருக்கு ஆண்டொன்றுக்கு 1.5 என்றே இருந்தது. காரணத்தை அகற்றியும் விளைவு மாறவில்லை என்றால், அது காரணம்தானா என்று கேட்பது நியாயம்தானே?

நுண்ணோக்கி எழுதியது:

முதல் கருத்தை அப்படியே ஏற்கிறேன். அந்தப் பூச்சியத்தைத் தனியே தூக்கிப்பிடிக்கக் கூடாது. மற்ற இரண்டையும் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

ராகாய் சோதனையில் பாக்டீரியல் வெஜினோசிஸ் உண்மையில் அகற்றப்படவே இல்லை. மெட்ரோனிடசோலை ஏழு நாள் முழுமையாகக் கொடுத்தாலும், குணமான பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ஓராண்டுக்குள் அது திரும்பி வருகிறது. பத்து மாதத்துக்கு ஒரு வேளை மாத்திரை கொடுத்து நுண்ணுயிர்க் கூட்டத்தையே மாற்றிவிடலாம் என்று இன்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள். அந்தச் சோதனை இந்தக் கேள்விக்கு "இல்லை" என்று பதிலளித்ததாக நான் கருதவில்லை. இந்தக் கேள்வியை அது தொடவே இல்லை.

குழப்பும் காரணிகளைப் பொறுத்தவரை, ஒரே ஓர் ஊரின் ஒரே ஒரு கணக்கெடுப்பை மட்டும் நம்பி நாம் பேசவில்லை. பல நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2008இல் வெளிவந்த தொகுப்பாய்வில், வெஜினோசிஸ் உள்ள பெண்களுக்கு எச்.ஐ.வி. வாய்ப்பு 60 சதவீதம் கூடுதல் என்று கண்டார்கள். எதிர்த்திசையிலும் இது தெரிகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களையும் தொற்றில்லாத அவர்களுடைய ஆண் துணைவர்களையும் பின்தொடர்ந்து 2012இல் வெளியான ஆப்பிரிக்க ஆய்வில், பெண்ணுக்கு வெஜினோசிஸ் இருந்தால் ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் மேல் உயர்ந்தது. தொற்று அந்தத் துணையிடமிருந்துதான் வந்தது என்பதை வைரஸின் மரபணு ஒப்பீட்டால் உறுதி செய்திருந்தார்கள்.

இவற்றைவிட என்னை நம்பவைப்பது, இது நிகழும் விதம் படிப்படியாக விளங்குவதுதான். எச்.ஐ.வி. சும்மா எந்தச் செல்லிலும் நுழைந்துவிடாது; சிடி4 என்ற புரதமும் சிசிஆர்5 என்ற புரதமும் சேர்ந்திருக்கும் டி செல் என்னும் நோயெதிர்ப்புச் செல், அதுவும் தூண்டப்பட்ட நிலையில் இருப்பது, அதற்கு மிக வசதி. நலமான யோனிச் சுவரில் அத்தகைய செல்கள் குறைவு. பிரிவோட்டெல்லா போன்ற பாக்டீரியாக்களின் வெளிச்சுவரிலுள்ள லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருளை நோயெதிர்ப்புச் செல்கள் உணர்ந்தவுடன், அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைப் புரதங்களான சைட்டோகைன்களைச் சுரந்து டி செல்களை அந்த இடத்துக்கு வரவழைக்கின்றன. நோய்க்கிருமியை எதிர்க்க அனுப்பிய படையே இந்த வைரஸுக்கு இரையாகிறது. கூடவே, கார்ட்னெரெல்லா போன்றவற்றின் சியாலிடேஸ் நொதி சளிப்படலத்தை அரிக்கிறது; யோனிச் சுவரின் காயம் ஆறும் வேகமும் குறைகிறது.

இதை எலிகளிலும் சோதித்தார்கள். நுண்ணுயிர் எதுவும் இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் யோனியில் சிலவற்றுக்குக் கிறிஸ்பேட்டஸையும் சிலவற்றுக்குப் பிரிவோட்டெல்லா பிவியாவையும் செலுத்தியபோது, பின்னவற்றிலேதான் தூண்டப்பட்ட சிடி4 செல்கள் பெருகின. எலிக்கு எந்த மூத்த ஆணோடும் உறவில்லை என்பதை எண்கணக்கன் கவனிக்க வேண்டும்.

நெறியாளர் குறிப்பு:

இந்த இழை ஆய்வுகளைப் பற்றியது. தனிமடலில் மருந்துப் பெயர் கேட்கும் உறுப்பினர்கள் அருகிலுள்ள மருத்துவரை அணுகும்படி கேட்டுக்கொள்கிறேன்.

மரு. வாசவி எழுதியது:

மகப்பேறு மருத்துவராக இரண்டொரு விஷயங்களைச் சேர்க்க விரும்புகிறேன்.

கயல்விழி கேட்ட முதல் கேள்வி இன்னும் முழுதாகப் பதில் பெறவில்லை. 2017 சயின்ஸ் கட்டுரையில் நிக்கோல் கிளாட் குழுவினர் காப்ரிசா 004 பெண்கள் 688 பேரின் யோனி நீரிலுள்ள பாக்டீரியாப் புரதங்களைக் கொண்டு, யாரிடம் லாக்டோபேசிலஸ் ஆதிக்கம், யாரிடம் இல்லை என்று பிரித்தார்கள். ஆதிக்கம் இருந்தவர்களிடம் ஜெல் தொற்றை 61 சதவீதம் குறைத்தது. இல்லாதவர்களிடம் 18 சதவீதமே. ஆய்வகத்தில் கார்ட்னெரெல்லாவோடு டெனோஃபோவிரைக் கலந்து வைத்தபோது மருந்து விரைவாகக் குறைந்து, அதன் சிதைவுப் பொருளான அடினின் மிஞ்சியது. லாக்டோபேசிலஸோடு வைத்தபோது அப்படிக் குறையவில்லை. டெனோஃபோவிர் யோனிச் செல்லுக்குள் நுழைந்து பாஸ்பேட் ஏற்ற பிறகே வேலை செய்யும். செல்லுக்குள் போவதற்கு முன்பே வாசலில் பாக்டீரியா அதைத் தின்றுவிடுகிறது. ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தபோதும் இந்த வேறுபாடு மறையவில்லை. ஆகவே "பெண்கள் பயன்படுத்தவில்லை" என்று மட்டும் எழுதினால் பழி முழுவதும் அவர்கள்மேல் விழும்; அது நியாயமல்ல.

அழற்சியும் தனியாக ஒரு பங்கு வகிக்கிறது. அதே ஆய்வின் பெண்களில், யோனியில் அழற்சி இல்லாதவர்களிடம் ஜெல்லின் பயன் 57 சதவீதம். அழற்சி உள்ளவர்களிடம் 3 சதவீதம் என்று 2018இல் நேச்சர் மெடிசின் இதழில் வந்தது. ஆக, மருந்து சிதைவது ஒரு வழி. தொற்றுக்கு ஏற்ற செல்கள் பெருகுவது இன்னொரு வழி.

இந்தச் செய்தியைப் படித்துவிட்டு "அப்படியானால் மாத்திரையும் பலிக்காதோ" என்று அஞ்ச வேண்டியதில்லை. வாய்வழி உட்கொள்ளும் தடுப்பு மாத்திரை இரத்தத்தின் வழியே திசுக்களைச் சேர்கிறது. யோனிப் பாக்டீரியா அதை வழிமறிக்க முடியாது. கென்யாவிலும் உகாண்டாவிலும் நடந்த பார்ட்னர்ஸ் பிரெப் ஆய்வின் பெண்களைப் பிரித்துப் பார்த்தபோது, வெஜினோசிஸ் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாத்திரையின் பயனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. யோனிக்குள் வைத்து மாதம் ஒருமுறை மாற்றும் டாபிவிரின் மருந்து வளையத்தின் பயனையும் வெஜினோசிஸ் குறைத்ததாகத் தெரியவில்லை. அது வேறு மருந்து, வேறு வேதியியல்.

இன்னொன்று, கழுவுதல். "கெட்ட பாக்டீரியா" என்ற சொல்லைக் கேட்டவுடன் சோப்பும் கிருமிநாசினியும் வாங்க ஓடுகிறோம். சோப்பு நீரை உள்ளே செலுத்திக் கழுவுவதும் துணியால் உள்ளே துடைப்பதும் எச்.ஐ.வி. வாய்ப்பு கூடுவதோடு தொடர்புடையவை என்று ஆப்பிரிக்க ஆய்வுகளைத் தொகுத்துக் கண்டிருக்கிறார்கள். நோனாக்சினால்-9 கதையும் நினைவுக்கு வருகிறது. ஆய்வகத்தில் எச்.ஐ.வி.யைக் கொன்ற அந்த விந்துக்கொல்லி ஜெல், பாலியல் தொழில் செய்த பெண்களிடம் சோதிக்கப்பட்டபோது தொற்றைக் கூட்டியது. 2000இல் டர்பன் மாநாட்டில் அந்த முடிவை அறிவித்தார்கள். வைரஸின் உறையைக் கரைத்த அதே சோப்புத்தன்மை யோனிச் சுவரையும் புண்ணாக்கியது.

அமெரிக்க ஆய்வில் கறுப்பினப் பெண்களிடமும் ஹிஸ்பானியப் பெண்களிடமும் கலப்புக் கூட்டம் அதிகமாகக் காணப்பட்டது. அதை வைத்து இனத்தையோ சுத்தத்தையோ பற்றித் தீர்ப்பு எழுதும் கட்டுரைகளைப் பார்த்திருக்கிறேன். கலப்புக் கூட்டம் உடைய பெண்களில் பலருக்கு எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. வெள்ளைப்படுதலோ நாற்றமோ இல்லாமலே வெஜினோசிஸ் இருப்பது மிகச் சாதாரணம். கட்டுரையில் "அசுத்தம்" என்ற தொனி வராமல் பார்த்துக்கொள்ளுங்கள் கயல்விழி.

கடலோரத்தான் எழுதியது:

மருத்துவர் அம்மாவுக்கு நன்றி. எனக்கு எளிய கேள்விகள் இரண்டு. லாக்டோபேசிலஸ் தயிரிலும் இருக்கிறதே, தயிர் சாப்பிட்டால் இந்தக் கூட்டம் சரியாகுமா? வெஜினோசிஸ் திரும்பத் திரும்ப வருகிறது என்றால், கணவனுக்கும் மருந்து கொடுக்க வேண்டாமா?

மரு. வாசவி எழுதியது:

தயிர் உடம்புக்கு நல்லது, அதற்காகச் சாப்பிடுங்கள். ஆனால் பாலைத் தயிராக்கும் இனங்கள் வேறு. யோனியில் நிலைத்து வாழும் கிறிஸ்பேட்டஸ் வேறு. யோனிக்குள் தயிரை வைக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம். கிறிஸ்பேட்டஸையே தூளாக்கிக் குழல் வழியே யோனிக்குள் செலுத்தும் லாக்டின்-வி என்ற மருந்தை அமெரிக்காவில் 228 பெண்களிடம் சோதித்து 2020இல் முடிவு வெளியிட்டார்கள். மெட்ரோனிடசோல் ஜெல் முடித்த பிறகு அதைப் பயன்படுத்தியவர்களில் 12ஆம் வாரத்துக்குள் வெஜினோசிஸ் திரும்பியது 30 சதவீதம் பேருக்கு. மருந்தில்லாத் தூள் பெற்றவர்களில் 45 சதவீதம் பேருக்கு. பயன் உண்டு, ஆனால் முழுமையாக இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பல ஆண்டுகள் "தேவையில்லை" என்றே பாடநூல்கள் பதில் சொல்லிவந்தன. ஆணுக்கு மாத்திரை மட்டும் கொடுத்துப் பார்த்த பழைய சோதனைகளில் பயன் தெரியாததே காரணம். 2025இல் முடிவு வெளியான ஆஸ்திரேலியச் சோதனையில் மாத்திரையோடு, ஆண்குறியில் பூசக் கிளிண்டாமைசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பும் சேர்த்துக் கொடுத்தார்கள். துணைவருக்கும் சிகிச்சை கொடுத்த பிரிவில் 12 வாரத்துக்குள் நோய் திரும்பியது 35 சதவீதம், பெண்ணுக்கு மட்டும் கொடுத்த பிரிவில் 63 சதவீதம். வேறுபாடு இவ்வளவு தெளிவாக இருந்ததால் சோதனையை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். இனி இது பெண்ணின் தனிப் பிரச்சினை என்று சொல்லிவிட முடியாது.

எண்கணக்கன் எழுதியது:

எலிச் சோதனையும் இருதிசை ஆய்வும் சேர்ந்து என் ஐயத்தைக் கணிசமாகக் குறைத்திருக்கின்றன. ஆனாலும் கயல்விழி எழுதும்போது ஒரு கோடு போட வேண்டும். "இந்தப் பாக்டீரியாக்கள் உள்ள பெண்களுக்கு வாய்ப்பு கூடுதல்" என்பது வரை எழுதலாம். "பாக்டீரியாவைச் சரிசெய்தால் எச்.ஐ.வி. குறையும்" என்பதை மனிதரில் எந்தச் சோதனையும் இதுவரை காட்டவில்லை.

கயல்விழி எழுதியது:

அந்தக் கோட்டை அப்படியே போட்டுவிடுகிறேன். கடைசியாக ஒன்று: அதைக் காட்டும் சோதனையை ஏன் நடத்தவில்லை? ஒரு பிரிவுக்குக் கிறிஸ்பேட்டஸ், மறுபிரிவுக்கு வெறும் தூள் என்று கொடுத்து, யாருக்குத் தொற்றுகிறது என்று பார்க்கலாமே?

நுண்ணோக்கி எழுதியது:

பத்தாண்டுக்கு முன்பு கேட்டிருந்தால் "நடத்தலாம்" என்றிருப்பேன். இப்போது நல்ல தடுப்பு மருந்தைக் கொடுக்காமல் எந்தப் பிரிவையும் விட்டுவைக்க முடியாது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த பர்ப்பஸ் 1 ஆய்வில், ஆறு மாதத்துக்கு ஒருமுறை லெனாகபவிர் என்னும் எச்.ஐ.வி. தடுப்பு ஊசி போட்டுக்கொண்ட 2,134 இளம்பெண்களில் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை என்று 2024இல் அறிவித்தார்கள். இங்கே பூச்சியத்துக்குப் பின்னால் போதிய எண்ணிக்கை இருக்கிறது, எண்கணக்கன் மன்னிக்க. அந்த ஆய்விலேயே மருந்தில்லாத போலிச் சிகிச்சை மட்டும் பெற்ற பிரிவு கிடையாது. தடுப்பு ஊசி போட்ட பெண்களிடையே கிறிஸ்பேட்டஸின் பயனை அளக்க வேண்டுமானால், அளப்பதற்குத் தொற்றே மிஞ்சாது.

ஆகவே இனி வரும் சோதனைகள் தொற்றை எண்ணுவதற்குப் பதிலாக, கிறிஸ்பேட்டஸ் பெற்ற பெண்களின் யோனியில் சைட்டோகைன்கள் தணிகின்றனவா, சிசிஆர்5 தாங்கிய செல்கள் குறைகின்றனவா என்பதையே அளக்கும். தென்னாப்பிரிக்காவில் அத்தகைய சிறு சோதனைகள் தொடங்கிவிட்டன. ஊசி கைக்கு எட்டாத ஊர்களிலும், வெஜினோசிஸால் குறைப்பிரசவத்துக்கு ஆளாகும் பெண்களுக்கும் அந்த விடை தேவைப்படும். உங்கள் கட்டுரையில் இடமிருந்தால் அதையும் ஒரு பத்தி சேர்த்துவிடுங்கள்.